வலை வரைபடத் தரநிலைக்கு ஆதரவு திரட்டுவது: கையெழுத்து போதுமா, வேறென்ன வேண்டும்?

டைல்காரன் எழுதியது:

மேப்எம்எல் (வலைப்பக்கத்தில் நேரடியாக வரைபடம் வைக்க முன்மொழியப்பட்ட தரநிலை) பற்றி இங்கே அவ்வப்போது பேச்சு எழும், நாலு பதிலோடு அடங்கிவிடும். இந்த முறை தொழில்நுட்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, இதற்கு ஆதரவு எப்படித் திரட்டுவது என்பதை மட்டும் பேசலாமே என்றுதான் இந்த இழை.

புதியவர்களுக்காகச் சுருக்கமாக: நகர்த்திப் பெரிதாக்கிப் பார்க்கும் வரைபடத்தை ஒரு பக்கத்தில் வைக்க வேண்டுமென்றால் லீஃப்லெட், ஓப்பன்லேயர்ஸ், மேப்லிப்ரே என்று ஏதாவது ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் வேண்டும். வீடியோவுக்கு ஒரு டேக் இருக்கிறது, ஆடியோவுக்கு இருக்கிறது, வரைபடத்துக்கு இல்லை. 'மேப்' என்ற டேக் தொண்ணூறுகளிலிருந்தே எச்டிஎம்எல்லில் உண்டு. ஆனால் ஒரு படத்தின் எந்தப் பகுதியைச் சொடுக்கினால் எங்கே போக வேண்டும் என்று குறிப்பதோடு அதன் வேலை முடிந்தது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் மேப்எம்எல். வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சியின் 'மேப்ஸ் ஃபார் எச்டிஎம்எல்' சமூகக் குழுவில் வளர்கிறது. கனடா அரசின் இயற்கை வளத் துறை இதில் நெடுநாளாக உழைக்கிறது. 2020இல் டபிள்யூ3சியும், புவியியல் தரவுத் தரநிலைகளை வகுக்கும் ஓஜிசியும் சேர்ந்து வலை வரைபடங்களுக்கென்றே ஒரு பட்டறையை இணையவழியில் நடத்தின.

அதற்குப் பிறகும் எந்த உலாவியிலும் அது வரவில்லை. ஏன்?

என் எண்ணம் இதுதான்: நாம் ஆதரவு என்று நினைத்து எண்ணிக்கொண்டிருப்பதை உலாவி செய்கிறவர்கள் ஆதரவாக எண்ணுவதில்லை. கிட்ஹப்பில் நட்சத்திரம், குழுவில் உறுப்பினர் எண்ணிக்கை, 'அருமையான யோசனை' என்ற பின்னூட்டம், இதெல்லாம் நமக்குத்தான் தெம்பு. அவர்கள் கேட்பது வேறு. எவ்வளவு பக்கங்கள் இதை இன்றே பயன்படுத்துகின்றன, எந்தச் சிக்கலை நூலகத்தால் தீர்க்கவே முடியாது, சோதனைகளை யார் எழுதுவார்கள், உலாவி எஞ்சினில் (பக்கத்தைக் காட்டும் உள் நிரலில்) நிரலை யார் எழுதுவார்கள், அதற்குப் பணம் யார் தருவார்கள். இந்தக் கேள்விகளுக்கு விடை சேர்ப்பதுதான் ஆதரவு திரட்டுவது.

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் தாராளமாக வரலாம்.

---

நிரல்கிறுக்கன் எழுதியது:

மாற்றுக் கருத்துக்காரன் வந்துவிட்டேன். :)

லீஃப்லெட் 2011இலிருந்து இருக்கிறது. சுருக்கினால் 42 கிலோபைட் அளவுதான். பத்து வரியில் வரைபடம் தயார். இதை ஏன் உலாவிக்குள் திணிக்க வேண்டும்? உலாவிக்குள் ஒன்று போய்விட்டால் அதை மாற்றுவது சுலபமில்லை. நூலகம் என்றால் அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம். 2011இல் 'வரைபடம் என்றால் 256 பிக்சல் பட டைல்' (வரைபடத்தை வெட்டி வைத்த சதுரத் துண்டு) என்று உலாவியில் அடித்து வைத்திருந்தால், பின்னால் வெக்டார் டைல் (படத்துக்குப் பதில் கோடு, புள்ளி விவரங்களாக வருவது) வந்தபோது என்ன செய்திருப்போம்?

'எக்ஸ்டென்சிபிள் வெப்' அறிக்கை 2013இலேயே சொன்னது இதைத்தான். அடித்தளக் கருவிகளைக் கொடுங்கள், மேலே இருப்பதை மக்கள் நூலகமாகக் கட்டிக்கொள்ளட்டும். உலாவிக்காரர்கள் இதே பதிலைச் சொல்வார்கள். அதற்கு உங்களிடம் என்ன பதில்?

---

அட்சரேகை எழுதியது:

நிரல்கிறுக்கன் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் 'நூலகமே போதும்' என்பதை நிபந்தனையில்லாமல் ஒப்புக்கொள்ள முடியாது. நூலகம் ஒருவருடைய சொத்து. 2020 டிசம்பரில் மேப்பாக்ஸ் ஜிஎல் ஜேஎஸ் என்ற வரைபட நூலகத்தின் இரண்டாம் பதிப்பு திறமூல உரிமத்தை விட்டு வெளியேறியது நினைவிருக்கும். பழைய திறமூல நிரலிலிருந்து மேப்லிப்ரே கிளைத்துப் பிறந்ததே அதனால்தான். அந்தக் கிளை உடனே முளைத்தது நம் அதிர்ஷ்டம். வீடியோ டேக்கை நம்பி பக்கம் செய்தவருக்கு அப்படி ஒரு காலை வராது.

அப்புறம் இன்னொன்று. நாம் இரண்டு வகைத் தரநிலைகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம் என்று தோன்றுகிறது.

ஒன்று, தரவு வடிவம். ஜியோஜேசன் (இடத் தரவை எழுதும் எளிய வடிவம்) 2008இல் ஓர் அஞ்சல் குழுவில் சிலர் கூடிப் பேசி எழுதியது. எந்த நிறுவனமும் முத்திரை குத்தவில்லை. எல்லாரும் பயன்படுத்தினார்கள், அவ்வளவுதான். இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அதை ஆர்எஃப்சி 7946 ஆக வெளியிட்டது 2016இல். எட்டு ஆண்டு கழித்து. அதற்குள் அனுபவம் சேர்ந்துவிட்டதால் தேவையில்லாததைத் தைரியமாக வெட்டினார்கள். விரும்பிய ஆயத்தொலைவு முறையை எழுதிக்கொள்ளலாம் என்ற வசதியை எடுத்துவிட்டு ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84ஐ மட்டும் வைத்தார்கள். செயற்கைக்கோள் படம் போன்றவற்றுக்கான கிளவுட் ஆப்டிமைஸ்டு ஜியோடிஃப் வடிவத்தின் கதையும் இதேதான்: முதலில் பயன்பாடு, 2023இல் ஓஜிசி தரநிலை. இந்த வகைக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

இரண்டாவது வகை, உலாவியின் உள்ளே போக வேண்டியது. அங்கே வாசலில் காவல் இருக்கிறது. எச்டிஎம்எல் வரையறை 2019இலிருந்து உலாவி நிறுவனங்கள் நடத்தும் வாட்விஜி குழுவின் கையில். அங்கே புதிதாக ஒன்றைச் சேர்க்கக் குறைந்தது இரண்டு உலாவித் தரப்பாவது 'செய்கிறோம்' என்று சொல்ல வேண்டும். ஜியோஜேசன் வழியில் போய் 'எல்லாரும் பயன்படுத்தினால் தானாக வரும்' என்று காத்திருந்தால் இங்கே வராது.

மேப்எம்எல் இரண்டும் கலந்தது. தரவு வடிவமும் அதுவே, டேக்கும் அதுவே. ஆதரவு திரட்டுவதில் வரும் சிரமத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பேன்.

---

டைல்காரன் எழுதியது:

> நிரல்கிறுக்கன்: அதற்கு உங்களிடம் என்ன பதில்?

பிக்சர் டேக் கதைதான் பதில்.

திரைக்கு ஏற்ற அளவில் படம் காட்டுவதற்கு 2012இல் டெவலப்பர்கள் டபிள்யூ3சியில் ஒரு சமூகக் குழு தொடங்கி, பிக்சர் டேக்கை முன்வைத்தார்கள். அதே ஆண்டில் வாட்விஜி ஆப்பிள் தரப்பிலிருந்து வந்த எஸ்ஆர்சிசெட் (படத்தின் பல அளவுகளைப் பட்டியலிடும் பண்பு) யோசனையை வரையறையில் எடுத்துக்கொண்டது. குழுவில் உழைத்தவர்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா, வந்தது. ஆனால் கோபத்தோடு நின்றுவிடவில்லை. எந்த எந்தச் சூழலில் எஸ்ஆர்சிசெட் போதாது என்று பயன்பாட்டுக் காட்சிகளை ஒவ்வொன்றாக எழுதினார்கள். பாலிஃபில் (உலாவியில் இல்லாத வசதியை ஜாவாஸ்கிரிப்டால் ஈடுகட்டும் நிரல்) ஒன்றைச் செய்து உண்மையான தளங்களில் ஓடவிட்டார்கள். 2014இல் குரோமின் பிளிங்க் எஞ்சினில் நிரல் எழுதும் ஒருவருக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டிக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் குரோம் 38இல் வந்தது. அடுத்த ஆண்டு ஃபயர்ஃபாக்ஸில் வந்தது, வேடிக்கையாக அதுவும் 38ஆம் பதிப்பில்தான். 2016இல் சஃபாரி.

இதில் மனு எங்கே இருக்கிறது? காட்சிகள், ஓடும் நிரல், எஞ்சினில் கை வைக்க ஓர் ஆள், அவருக்குச் சம்பளம். நாம் கேட்க வேண்டியதும் இந்த வகை ஆதரவுதான்.

நீங்கள் சொன்ன 'நூலகமே போதும்' வாதம் படத்துக்கும் சொல்லப்பட்டிருக்கலாம். ஜாவாஸ்கிரிப்டால் படத்தை மாற்ற முடியும்தானே? ஆனால் உலாவி படங்களை முன்கூட்டியே இறக்கத் தொடங்கிவிடும். ஸ்கிரிப்ட் ஓடும்போது தாமதமாகிவிட்டது. நூலகத்தால் தீர்க்க முடியாத ஒன்றைச் சுட்டிக் காட்டியதால்தான் கதவு திறந்தது. வரைபடத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று நாம் காட்ட வேண்டும்.

---

ஒலித்திரை எழுதியது:

அப்படி என்ன இருக்கிறது என்று நான் சொல்கிறேன். திரைவாசிப்பானை (திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளை) வைத்து இணையத்தைப் பயன்படுத்துகிறவன் நான்.

எனக்கு வரைபடம் என்பது பெரும்பாலும் 'பொத்தான், பொத்தான், பொத்தான்' என்ற ஒரு நீண்ட வரிசை. அது எந்த இடத்தின் வரைபடம், எவ்வளவு பெரிதாக்கப்பட்டிருக்கிறது, இப்போது எந்தப் பகுதி தெரிகிறது, எதுவும் காதுக்கு வராது. சில பக்கங்களில் உள்ளே போன விசைப்பலகைக் குவியம் வெளியே வராமல் மாட்டிக்கொள்ளும். ஒரு நூலகத்தில் அம்புக்குறி வரைபடத்தை நகர்த்தும், இன்னொன்றில் பக்கத்தையே உருட்டும். ஒவ்வொரு தளத்திலும் புதிதாகக் கற்க வேண்டும். வீடியோவில் இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் உலாவியே கொடுக்கும் இயக்கிப் பொத்தான்கள் எங்கும் ஒன்றுபோல இருக்கின்றன.

நிலைமை எவ்வளவு மோசம் என்றால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016 வலை அணுகல் ஆணை இணைய வரைபடங்களுக்கு விலக்கே கொடுத்தது. வழிகாட்டும் வரைபடம் என்றால் அத்தியாவசியத் தகவலை மட்டும் வேறு வடிவில் தந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். அரசுத் தளங்கள் எல்லாம் அணுகும்படி இருக்க வேண்டும் என்று சட்டம் போடுகிறவர்களே வரைபடத்தின் முன்னால் வந்ததும் கையை விரித்துவிட்டார்கள்.

2023இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 என்ற வலை அணுகல் வழிகாட்டியில் இன்னொரு விதி: இழுத்துச் செய்யும் எந்த வேலைக்கும் இழுக்காமல் ஒற்றைத் தொடுதலில் செய்ய மாற்றுவழி வேண்டும். வரைபடத்தை நகர்த்துவதே இழுத்துத்தான். இனி ஒவ்வொரு தளமும் தனித்தனியாக நான்கு திசைப் பொத்தான் வைக்கப் போகிறதா, உலாவி ஒரே தடவையில் கொடுக்கப் போகிறதா?

ஆதரவு திரட்டுகிறவர்கள் வரைபடக்காரர்களிடமே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். எங்கள் பக்கம் வாருங்கள். இந்த டேக் யாருக்குக் கட்டாயம் வேண்டுமோ அவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

---

ஜூம்18 எழுதியது:

ஒலித்திரை சொன்னது இந்த இழையில் இதுவரை வந்ததிலேயே வலுவான வாதம்.

நான் சர்வர் பக்கத்து ஆள் என்பதால் வேறொரு கோணம். பொது நிறுவனங்கள் நிறைய டபிள்யூஎம்எஸ் (கேட்ட பகுதியை வரைபடப் படமாகத் தரும் முறை) சர்வர்களை நடத்துகின்றன. அந்தத் தரநிலை 2000த்திலிருந்து இருக்கிறது. தரவு இருக்கிறது, சர்வர் இருக்கிறது, ஆனால் சாதாரண எச்டிஎம்எல் மட்டும் தெரிந்த ஒருவரால் அதை ஒரு பக்கத்தில் கொண்டுவர முடியாது. அச்சு வரிசைச் சிக்கல் ஒன்றே ஆளைத் துரத்திவிடும்: பழைய 1.1.1 பதிப்பில் தீர்க்கரேகை முதலில், 1.3.0இல் இபிஎஸ்ஜி 4326 (ஓர் ஆயத்தொலைவு முறையின் எண்) என்று கேட்டால் அட்சரேகை முதலில். இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் வரைபடம் கடலுக்குள் போய் நிற்கும். டைலிலும் அப்படித்தான். டிஎம்எஸ் என்ற எண்ணிடும் முறையில் ஒய் கீழிருந்து எண்ணும், எக்ஸ்ஒய்இசட் முறையில் மேலிருந்து.

ஜியோசர்வர் என்ற திறமூல வரைபட சர்வரில் மேப்எம்எல்லுக்கான நீட்சி இருக்கிறது. அதை இயக்கினால் சர்வரே இந்தச் சிக்கல்களை விழுங்கிக்கொண்டு, பக்கத்தில் இணைக்கத் தயாரான ஓர் ஆவணத்தைக் கொடுக்கும். மெர்கேட்டர் தவிர வேறு வீச்சுகளும் (உருண்டைப் பூமியைத் தட்டையாக வரையும் முறைகள்) உண்டு. கனடா மாதிரி வடக்கே நீண்ட நாட்டுக்கு மெர்கேட்டர் சரிப்படாது என்பதால் இபிஎஸ்ஜி 3978க்கு ஏற்ற டைல் முறையை முன்மொழிவிலேயே வைத்திருக்கிறார்கள். துருவப் பகுதிக்கு ஒன்று தனியாக. வலை மெர்கேட்டர் 85 பாகைக்கு மேலே எதையும் காட்டாது என்பதை நம்மில் பலர் மறந்தே போய்விட்டோம்.

ஆகவே சர்வர் நடத்துகிறவர்களிடம் கேட்க வேண்டியது சிறிய வேலைதான்: நீட்சியை இயக்குங்கள், கார்ஸ் தலைப்பை (வேறு தளங்கள் இந்தத் தரவை எடுக்கலாம் என்று உலாவிக்குச் சொல்லும் குறிப்பை) அனுப்புங்கள். இரண்டாவது இல்லையென்றால் முதலாவது வீண். படமாக வரும் டைலுக்கு கார்ஸ் தேவைப்படாததால் பல சர்வர்களில் அதைப் பற்றி யாரும் யோசித்ததே இல்லை. மேப்எம்எல் ஆவணம் ஸ்கிரிப்ட் வழியாக வேறு தளத்திலிருந்து வருவதால், தலைப்பு இல்லாவிட்டால் உலாவி தடுத்துவிடும்.

---

வெறும்வாசகி எழுதியது:

ஒரு சந்தேகம். உலாவியிலேயே வரைபடம் வந்தால் அது யாருடைய வரைபடம்? குரோமில் கூகுள் மேப், சஃபாரியில் ஆப்பிள் மேப் என்று வந்து நிற்காதா? எல்லைத் தகராறு உள்ள இடங்களை எப்படிக் காட்டும்?

---

அட்சரேகை எழுதியது:

இல்லை, டேக்கோடு வரைபடம் எதுவும் வராது. வீடியோ டேக்கோடு படம் எதுவும் வருகிறதா? அதுபோலத்தான். நகர்த்துவது, பெரிதாக்குவது, லேயர்களை அடுக்குவது, இவை உலாவியின் பொறுப்பு. எந்த லேயர், எந்த எல்லைக்கோடு என்பது பக்கத்தை எழுதுகிறவரின் பொறுப்பு.

ஆனால் உங்கள் சந்தேகம் முக்கியமானது. முன்மொழிவை எதிர்க்கிறவர்களில் பலர் இதே எண்ணத்தில்தான் எதிர்க்கிறார்கள். அறிமுகக் கட்டுரை எதை எழுதினாலும் முதல் பத்தியில் இது இருக்க வேண்டும்.

---

ஜூம்18 எழுதியது:

அதோடு சேர்த்து ஒன்று. மாதிரிப் பக்கங்களில் யோசிக்காமல் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் டைல் சர்வரைப் போட்டுவிடாதீர்கள். அது நன்கொடையில் ஓடுகிறது. மொத்தமாக இறக்கக் கூடாது, மூலத்தைக் குறிப்பிட வேண்டும் என்றெல்லாம் பயன்பாட்டு விதிகள் இருக்கின்றன. 'வரைபடம் வைப்பது இனி ஒரு வரி வேலை' என்று நாம் பரப்பிவிட்டு, அந்த ஒரு வரியில் அவர்கள் முகவரி இருந்தால், நம் இயக்கம் வெற்றி பெறும் அன்று அவர்கள் சர்வர் படுத்துவிடும். 18ஆம் ஜூமில் உலகத்துக்கு மொத்தம் கிட்டத்தட்ட 6,872 கோடி டைல். அந்தச் சமூகத்தைப் பகைத்துக்கொண்டு வரைபடத் தரநிலை எதையும் கொண்டுவர முடியாது.

---

நிரல்கிறுக்கன் எழுதியது:

அணுகல் வாதத்தை ஏற்கிறேன். சர்வர் வாதத்தை அரை மனதோடு ஏற்கிறேன். ஆனால் இரண்டு கல் எறியாமல் போக மாட்டேன்.

முதல் கல்: வெப் எஸ்க்யூஎல். உலாவிக்குள் தரவுத்தளம் என்று ஆரவாரமாக வந்தது. செய்தவர்கள் எல்லாரும் உள்ளே எஸ்க்யூலைட் என்ற ஒரே தரவுத்தள நிரலையே வைத்தார்கள். தனித்தனியான செயலாக்கங்கள் இல்லாமல் தரநிலை எப்படி என்று கேட்டு 2010இல் டபிள்யூ3சி வேலையை நிறுத்திவிட்டது. இன்று மேப்எம்எல்லின் பாலிஃபில் உள்ளே என்ன? லீஃப்லெட். ஒரே ஒரு செயலாக்கம், அதுவும் ஒரு நூலகத்தின் மேல் போட்ட சட்டை. வரையறையில் எழுதியிருப்பதற்கும் லீஃப்லெட் செய்வதற்கும் வேறுபாடு வந்தால் எது சரி?

இரண்டாவது கல்: 2013இல் வரைபட மென்பொருள் நிறுவனமான எஸ்ரி தன் ஜியோசர்வீசஸ் ரெஸ்ட் ஏபிஐயை (வரைபடச் சேவையை இணையத்தில் அழைக்கும் முறையை) ஓஜிசியில் தரநிலையாக்கப் பார்த்தது. ஏற்கெனவே இருக்கும் டபிள்யூஎம்எஸ், டபிள்யூஎஃப்எஸ் தரநிலைகளின் வேலையைத்தானே இதுவும் செய்கிறது, ஒரு நிறுவனத்தின் பொருளுக்கு முத்திரை எதற்கு என்று திறமூலக்காரர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. ஒரு தரப்பு மட்டும் தோளில் சுமக்கும் முன்மொழிவைப் பார்த்தால் சமூகத்துக்குச் சந்தேகம் வருவது இயல்பு. இங்கே சுமப்பது நிறுவனம் இல்லை, அரசுத் துறை, நல்ல எண்ணம்தான். ஆனாலும் ஒரே தோள்.

---

டைல்காரன் எழுதியது:

இரண்டாவது கல்லை முதலில் எடுக்கிறேன். எஸ்ரி விஷயத்தில் எதிர்ப்பு வந்தது ஒரே தோள் என்பதற்காக மட்டும் இல்லை. தரநிலையானால் யாருக்கு லாபம் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்தது. இங்கே லாபம் யாருக்கு என்பதே தெளிவாகத் தெரியவில்லை; அது வேறு வகைச் சிக்கல். லாபம் தெரியாததால் எந்த நிறுவனமும் பணம் போடுவதில்லை. வரைபட நூலகம் விற்கும் நிறுவனத்துக்கு இந்த டேக் வேண்டாம். உலாவி நிறுவனங்களில் சில தங்களுக்கென்று சொந்த வரைபடச் சேவை வைத்திருக்கின்றன. அவர்களை வில்லனாக்க வரவில்லை. அவசரம் இல்லாதவர் அவசரப்பட மாட்டார் என்கிறேன், அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட நிலையிலிருந்து மீண்டு வந்த ஒன்று, பக்கத்தில் கணிதச் சமன்பாடு எழுதும் மேத்எம்எல். 2013இல் குரோம் 24இல் வந்தது, அடுத்த பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள். கணிதம் எழுதுகிறவர்களால் யாருக்கும் பெரிய வருமானம் கிடையாது. பத்து ஆண்டு கழித்து 2023 ஜனவரியில் குரோம் 109இல் திரும்பி வந்தது. எழுதியது கூகுள் இல்லை. இகாலியா என்ற நிறுவனம், வெளியாரின் நிதியுதவியோடு. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று செய்தார்கள், அதுதான் நமக்குப் பாடம்: பெரிய மேத்எம்எல் வரையறையைச் சீவி, உலாவிக்குக் கட்டாயம் வேண்டியதை மட்டும் மேத்எம்எல் கோர் என்று தனியாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு வரிக்கும் சோதனை எழுதினார்கள்.

உங்கள் முதல் கல்லுக்கும் இதுவே பதில். லீஃப்லெட் செய்வதா, வரையறையா என்ற கேள்வி எழாமல் இருக்க வேண்டுமென்றால் சோதனைத் தொகுப்பு வரையறையிலிருந்து பிறக்க வேண்டும். இன்னொரு செயலாக்கம் வேண்டும். ஓப்பன்லேயர்ஸை வைத்தோ மேப்லிப்ரேயை வைத்தோ யாராவது அதே டேக்குகளை இயக்கிக் காட்டினால் போதும். எங்கே இரண்டும் முரண்படுகிறதோ அங்கே வரையறையில் ஓட்டை. குழுவில் புதிதாக நூறு பேர் சேர்வதைவிட இந்த ஒன்று எனக்குப் பெரிய ஆதரவாகத் தெரியும்.

---

ஒலித்திரை எழுதியது:

'மேத்எம்எல் கோர்' மாதிரி இங்கே எது கோர்?

---

அட்சரேகை எழுதியது:

என்னைக் கேட்டால் நகர்த்துவதும் பெரிதாக்குவதும்தான். வரைபடத்துக்கு மட்டும் இல்லை. பெரிய ஓவியம், நுண்ணோக்கிப் படம், கட்டட வரைவு, நீண்ட வம்சாவளிப் படம், எல்லாவற்றுக்கும் அது வேண்டும். இன்று ஒவ்வொன்றுக்கும் தனி நூலகம். 'எந்த ஒரு பெட்டியையும் விசைப்பலகையாலும் தொடுதலாலும் பொத்தானாலும் நகர்த்திப் பெரிதாக்கலாம், எந்தப் பகுதி தெரிகிறது என்பதைத் திரைவாசிப்பானுக்கு உலாவியே சொல்லும்' என்று ஒரு சிறிய முன்மொழிவாகக் கொண்டுபோனால் வரைபடக்காரர் அல்லாதவர்களும் பின்னால் நிற்பார்கள். நிரல்கிறுக்கன் தொடக்கத்தில் கேட்ட அடித்தளக் கருவியும் இதுதான்.

டைல், வீச்சு, லேயர் எல்லாம் அதன் மேல் பிறகு வரட்டும். மேப்எம்எல் குழுவில் சிலருக்கு இது பிடிக்காது. முழுதாக ஒரே டேக்காக வர வேண்டும் என்பது அவர்கள் கனவு. கனவு நல்லதுதான். ஆனால் முழுசாகக் கேட்டு ஒன்றும் கிடைக்காமல் இருப்பதைவிட, துண்டு துண்டாக உள்ளே போவதில் எனக்குச் சம்மதம்.

---

டைல்காரன் எழுதியது:

எனக்கு இதில் அரைச் சம்மதம். துண்டாகக் கொண்டுபோனால் முதல் துண்டு வந்ததோடு 'வரைபடத்துக்கு வேண்டியது கிடைத்துவிட்டதே' என்று நின்றுவிடும் அபாயம் உண்டு. தரவை ஒரு பொது வடிவில் இணைக்கும் பகுதி, அதாவது ஜூம்18 சொன்ன சர்வர் பக்கம், அப்படியே தொங்கும். அதனால் இரண்டையும் ஒரே சமயத்தில் நகர்த்த வேண்டும். உலாவிக்குச் சிறிய துண்டு. சர்வர்களுக்கு ஜியோஜேசன் வழி, யாரிடமும் அனுமதி கேட்காமல்.

ஒலித்திரை, நீங்கள் சொன்ன அனுபவத்தைப் பயன்பாட்டுக் காட்சியாக எழுதித் தர முடியுமா? 'அணுகல் முக்கியம்' என்ற பொது வாக்கியமாக வேண்டாம். இந்த விசையை அழுத்தினேன், இது கேட்டது, இது கேட்டிருக்க வேண்டும் என்ற அளவுக்கு. தளத்தின் பெயர் வேண்டாம். மொஸில்லாவும் வெப்கிட்டும் முன்மொழிவுகள் பற்றிய தங்கள் நிலைப்பாட்டைக் கிட்ஹப்பில் பொதுவெளியில் பதிகிறார்கள். அங்கே வெறும் 'எங்களுக்கு வேண்டும்' என்று பின்னூட்டம் குவித்தால் எரிச்சல்தான் மிஞ்சும். இப்படி ஒரு காட்சி இருந்தால் படிப்பார்கள்.

---

ஒலித்திரை எழுதியது:

எழுதுகிறேன். மூன்று வேறு நூலகங்களில் ஒரே வேலையைச் செய்து, ஒலிப்பதிவோடு தருகிறேன். கேட்டால்தான் புரியும்.

---

ஜூம்18 எழுதியது:

கார்ஸ் தலைப்பு அமைப்பதற்கு அப்பாச்சி, எஞ்சின்எக்ஸ் வலை சர்வர்களுக்கு ஒரு குறிப்பு எழுதிப் போடுகிறேன். ஜியோசர்வர் நீட்சியை நிறுவுவதும் அதிலேயே இருக்கும். நிர்வாகி தன் மேலாளரிடம் காட்டும்படி ஒரு பக்கத்துக்குள் அடக்கப் பார்க்கிறேன்.

---

நிரல்கிறுக்கன் எழுதியது:

இன்னும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். ஆனால் நகர்த்துதல்-பெரிதாக்குதல் துண்டு தனியாக வருமென்றால் அதற்குச் சோதனைகள் எழுத நான் தயார். எதிர்க்கிறவன் எழுதும் சோதனையில்தான் ஓட்டை சீக்கிரம் தெரியும். அட்சரேகை, வரைவை எங்காவது ஏற்றிவிட்டு இங்கே சொல்லுங்கள். முதல் கேள்வி இப்போதே: பெரிதாக்கிய பெட்டிக்குள் இன்னொரு பெரிதாக்கும் பெட்டி இருந்தால், விரலால் கிள்ளும்போது எது பெரிதாக வேண்டும்?